நோய் கேட்பது எது, பயம் கேட்பது எது: மகளுக்கு இணையவழியில் கிடைத்த குறுகிய மனநல உதவி

நீண்டகால நோயோடு வாழும் பிள்ளை பயந்தாலோ சோர்ந்துபோனாலோ, "இவ்வளவு பெரிய நோய் இருக்கிறது, பயப்படாமல் எப்படி இருக்க முடியும்?" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். உறவினர்கள் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள், சில நேரம் மருத்துவர்களும் சொல்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சோடு விஷயம் முடிந்துபோகிறது. காய்ச்சல் எதனால் வந்தது என்று தெரிந்துவிட்டது என்பதற்காக யாரும் காய்ச்சலுக்கு மருந்து தராமல் இருப்பதில்லை. பயத்துக்கு மட்டும் காரணம் தெரிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடல் இன்சுலினைச் சுரக்காத வகை. சிறு வயதிலேயே வந்தது. ஊசி போடுவது, அளவு பார்ப்பது, சாப்பாட்டின் மாவுச்சத்தைக் கணக்கிடுவது எல்லாம் அவளுக்கும் எங்களுக்கும் பழகிப்போன வேலைகள். பதின்வயதின் தொடக்கத்தில், வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அவளுக்குச் சர்க்கரை வெகுவாக இறங்கி மயங்கி விழுந்தாள். உரிய முதலுதவி கிடைத்தது, உடம்பு அன்றே தேறிவிட்டது. மனம் தேறவில்லை. அடுத்த சில மாதங்களில் அவளுடைய எச்பிஏ1சி அளவு ஏறிக்கொண்டே போனது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை அது. மருத்துவர் இன்சுலின் அளவைக் கூட்டினார். எண் இறங்கவில்லை.

இறங்காததற்கான காரணத்தைக் கண்டுபிடித்தவர் சர்க்கரை நோய்ப் பிரிவின் செவிலியர். "எந்த அளவில் இருந்தால் உனக்கு நிம்மதியாக இருக்கிறது?" என்று அவளிடம் கேட்டார். மகள் சொன்ன எண் மருத்துவர் வைத்திருந்த இலக்கைவிட மிக அதிகம். இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அவள் பள்ளி நாட்களில் இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்புக்குப் போகும் முன் தேவையே இல்லாமல் இனிப்பு சாப்பிட்டாள். சர்க்கரை இறங்குமோ என்ற பயத்தில் அளவை வேண்டுமென்றே மேலே வைத்துக்கொள்வது இந்த நோய் உள்ளவர்களிடமும், இந்த நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடமும் நன்கு அறியப்பட்ட ஒன்று என்று அவர் விளக்கினார். மகள் அழுதாள். யாரோ ஒருவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்ட ஆறுதல் அந்த அழுகையில் இருந்தது என்று நினைக்கிறேன்.

மருத்துவமனையின் உளவியலாளரை நேரில் பார்க்கக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது. அதுவரை, மருத்துவக் குழுவோடு இணைந்து இயங்கும் குறுகிய இணையவழி உதவியில் அவளைச் சேர்க்கலாம் என்றார்கள். முதலில் பெற்றோரோடும் பிள்ளையோடும் ஓர் அறிமுக அழைப்பு. பிறகு வாரம் ஒன்றாகச் சில அமர்வுகள், வீடியோவிலோ தொலைபேசியிலோ. இடையில் வீட்டில் செய்து பார்க்கப் பயிற்சிகள். கொஞ்ச காலம் கழித்து ஒரு மறுபரிசீலனை. அவ்வளவுதான்.

குறுகிய உதவி என்றால் நீண்ட சிகிச்சை கிடைக்காதவர்களுக்குத் தரப்படும் அரைகுறைச் சமாதானம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு, தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் மோஷே டால்மன் என்ற உளவியலாளர் தம் மருத்துவ அமைப்பின் பதிவேடுகளைப் பார்த்தபோது, மனநல உதவிக்கு வந்தவர்களில் மிகப் பலர் ஒரே ஒரு முறை மட்டுமே வந்திருந்தார்கள். பயன் இல்லாததால் நின்றுவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அவர்களைத் தொடர்புகொண்டு விசாரித்தபோது, பலரும் அந்த ஒரு சந்திப்பே போதுமானதாக இருந்தது என்றார்கள். 1990இல் அவர் எழுதியதிலிருந்து, ஒவ்வொரு அமர்வையும் அதனளவில் முழுமையானதாக நடத்தும் முறை வளர்ந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் ஒத்திவைக்காமல், இன்று எழுந்து போகும்போது கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

உடல்நோய் உள்ள பிள்ளைகளுக்கு மனநல உதவி எவ்வளவு தேவை என்பதற்கும் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 2003இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளில் 37 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 11 சதவீதம், மற்றப் பிள்ளைகளில் 9 சதவீதம். எங்கள் நோயின் எண் பார்க்கச் சிறியதுதான். ஆனால் என் மகளைப் போன்ற ஒரு பிள்ளை அந்தக் கணக்கில் வராமலே போகக்கூடும். அவளுக்கு நோய் என்று பெயரிடத்தக்க மனச்சோர்வு இல்லை, பயக் கோளாறும் இல்லை. ஒரு நோயைத் தினமும் தூக்கிச் சுமப்பதன் களைப்பும், அதில் ஒட்டிக்கொண்ட ஒரு பயமும் இருந்தன. குறுகிய உதவி இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்குத் தொலைபேசியிலும் வீடியோவிலும் மனநல சிகிச்சை அளித்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அந்தச் சிகிச்சையை அளித்தவர்கள் வலிப்பு நோய்ப் பிரிவிலேயே வேலை பார்ப்பவர்கள். அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். வழக்கமான கவனிப்பைவிட அதில் கூடுதல் முன்னேற்றம் கிடைத்தது. அது எங்களுடையதைவிட நீண்ட திட்டம். ஆனாலும் திரை வழியே இதைச் செய்ய முடியும், உடல்நோயைப் பார்ப்பவர்களே மனத்தையும் பார்க்கப் பழகலாம் என்ற இரண்டும் அதில் தெரிந்தன.

இனி எங்கள் அனுபவம். முதலில் வினாத்தாள்கள் வந்தன. பிள்ளைகளுக்காகப் பரவலாகப் பயன்படும் ஒன்றில் 25 கேள்விகள். பெற்றோர், ஆசிரியர், பதின்வயதுப் பிள்ளை என ஒவ்வொருவரும் தனித்தனியே நிரப்பலாம். நிரப்பும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தலைவலி, வயிற்றுவலி, களைப்பு, தூக்கம், பசி ஆகியவற்றைக் கேட்கும் கேள்விகள் இத்தகைய தாள்களில் இருக்கும். மனச்சோர்வை அளக்கப் பயன்படும் ஒன்பது கேள்விகள் கொண்ட தாளிலும் அப்படியே. நோயுள்ள பிள்ளைக்கு இவற்றில் பாதி நோயாலோ மருந்தாலோ வந்திருக்கலாம். அதற்காகப் பதிலை மாற்றி எழுத வேண்டாம். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: "இரவில் சென்சார் (உடலில் பொருத்திய, சர்க்கரை அளக்கும் கருவி) அலாரம் அடிப்பதால் தூக்கம் கெடுகிறது" என்பது போல. எங்களோடு பேசிய ஆலோசகர் அந்தக் குறிப்புகளைத்தான் முதலில் படித்தார்.

மருந்தைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் குணம் திடீரென மாறியிருந்தால், அண்மையில் எந்த மருந்து தொடங்கியது, எதன் அளவு மாறியது என்று பாருங்கள். ஸ்டீராய்டு மருந்துகள் தூக்கத்தையும் மனநிலையையும் மாற்றக்கூடியவை. வலிப்புக்குத் தரப்படும் லெவெடிராசிட்டம் சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் கோபத்தையும் தரும். அப்படிப்பட்ட சந்தேகம் இருந்தால் மனநல ஆலோசனைக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது.

அறிமுக அழைப்பில் நான் ஒரு நீண்ட பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன்: பள்ளி, படிப்பு, எச்பிஏ1சி, தம்பியோடு சண்டை, கைப்பேசி, தூக்கம். ஆலோசகர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மகளிடம் திரும்பி, "இவற்றில் ஒன்று பாதியாகக் குறைந்தால் போதும் என்றால் எதைச் சொல்வாய்?" என்றார். அவள் நான் சொன்ன எதையும் சொல்லவில்லை. "கை நடுங்கினால் வகுப்பை விட்டு ஓடிவரக் கூடாது" என்றாள். அதுதான் எங்கள் வேலையாக ஆனது. குறுகிய உதவியில் எதை எடுத்துக்கொள்வது என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். அது கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். "தைரியமாக இருக்க வேண்டும்" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் வேலை செய்ய முடியாது. "மூன்றாம் பாடவேளை முடியும்வரை வகுப்பில் இருக்க வேண்டும்" என்பதை வைத்துச் செய்யலாம்.

இங்கேதான் உடல்நோய் உள்ள பிள்ளையின் பயம் மற்றப் பயங்களிலிருந்து விலகுகிறது. சர்க்கரை இறங்கும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. அதனால் கை நடுங்கும், வியர்க்கும், இதயம் படபடக்கும். பயத்திலும் அதே அட்ரினலின், அதே நடுக்கம், அதே படபடப்பு. உள்ளே இருப்பவருக்கு இரண்டையும் உணர்ச்சியை வைத்துப் பிரித்தறிய முடியாது. சாதாரணப் பதற்றத்துக்குச் சொல்வது போல "மூச்சை மெதுவாக விடு, இது வெறும் பயம், கடந்துவிடும்" என்று இந்தப் பிள்ளையிடம் சொன்னால், உண்மையிலேயே சர்க்கரை இறங்கியிருக்கும் நாளில் அது ஆபத்து. "நடுங்கினாலே இனிப்பைச் சாப்பிடு" என்றால் சர்க்கரை ஏறும், பயமும் வளரும். இரண்டு பதில்களும் பாதி சரி, பாதி தவறு.

ஆலோசகர் ஒரு தாளில் நடுவே கோடு போடச் சொன்னார். இடப்பக்கம் நோய் கேட்பது, வலப்பக்கம் பயம் கேட்பது. அவள் தன் நோய்க்காக ஒரு நாளில் செய்யும் எல்லாவற்றையும் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். பையில் குளுக்கோஸ் மாத்திரை வைத்திருப்பது நோய் கேட்பது. விளையாடப் போகும் முன் அளவு பார்ப்பதும் அப்படியே. ஒரு பாடவேளைக்குள் திரும்பத் திரும்ப அளவு பார்ப்பது பயம் கேட்பது. அளவு சரியாக இருக்கும்போது வகுப்புக்கு முன் இனிப்பு சாப்பிடுவது பயம் கேட்பது. கதவுக்குப் பக்கத்து இருக்கையில் மட்டுமே உட்காருவது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை நடுக்கோட்டிலேயே எழுதினாள்.

அந்தத் தாள் மருத்துவரிடம் போனது. இந்தப் படியை யாரும் தவிர்த்துவிடக் கூடாது என்று எல்லாப் பெற்றோரிடமும் மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது. பொதுவான பதற்றத்துக்கு உதவும் ஒருவர், பயந்தவர் கையில் வைத்திருக்கும் பாதுகாப்புப் பொருட்களை ஒவ்வொன்றாகக் கைவிடச் சொல்வது வழக்கம். நோயுள்ள பிள்ளையிடம் அதை அப்படியே செய்ய முடியாது. குளுக்கோஸ் மாத்திரையைக் கைவிடச் சொன்னால் அது தவறான உதவி. எது எந்தப் பக்கம் என்பதை ஆலோசகரும் பிள்ளையும் தாங்களாக முடிவு செய்யக் கூடாது. மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் மருத்துவர் இரண்டு வரிகளை இடம் மாற்றினார். சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பார்க்க வேண்டும் என்ற வழக்கமான விதியை அவள் வயதுக்கும் எடைக்கும் உறுதிப்படுத்தினார். உடம்பு சொல்வதும் சென்சார் காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்தி ரத்தத்தில் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். சென்சார் ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கிறது. அதனால் சில நிமிடம் பின்தங்கியே காட்டும்.

இந்தக் கோடு மற்ற நோய்களுக்கும் பொருந்தும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இன்ஹேலரை எடுத்துச் செல்வது நோய் கேட்பது. நன்றாக இருக்கும் நாளிலும் ஓடவே மறுப்பது பயம் கேட்பது. கடுமையான ஒவ்வாமை உள்ளவர் அட்ரினலின் ஊசியைப் பிரியாமல் இருக்க வேண்டும். எதையும் தொடாமல் அறைக்குள்ளேயே இருக்க வேண்டியதில்லை. வலிப்பு உள்ள பிள்ளை நீந்தும்போது ஒரு பெரியவர் கண்காணிப்பது நோய் கேட்பது. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனையை அழைப்பது கட்டாயம். காய்ச்சலின் அடையாளமே இல்லாத நாளில் அரை மணிக்கு ஒருமுறை வெப்பமானியை எடுப்பது வேறு.

தாள் திரும்பி வந்த பிறகு பயிற்சிகள் தொடங்கின. நடுங்கினால் முதல் வேலை அளவு பார்ப்பது. 70க்குக் கீழே என்றால் மாத்திரை, ஆசிரியருக்குத் தகவல். மேலே இருந்து, இறங்கும் போக்கும் இல்லையென்றால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், மூச்சை மெதுவாக விட வேண்டும், கால்களைத் தரையில் அழுத்தி ஊன்ற வேண்டும். எனக்கு அழைப்பு வரக் கூடாது. வகுப்புக்குப் போகும் முன், "என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்" என்று ஒரு வரி எழுதி, பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். வந்த பிறகு என்ன நடந்தது என்று ஒரு வரி. முதலில் எழுதியவை எல்லாம் "விழுந்துவிடுவேன்" என்றிருந்தன. போகப் போக "நடுங்கும், பார்த்துக்கொள்வேன்" என்று மாறின. எண் பூஜ்யத்துக்கு வரவில்லை. வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. சர்க்கரை இறங்கும் வாய்ப்பு உள்ள பிள்ளைக்குக் கொஞ்சம் எச்சரிக்கை இருக்கத்தான் வேண்டும்.

அடுத்த படி விளையாட்டு வகுப்பு. அதற்கடுத்தது தோழி வீட்டில் ஓர் இரவு தங்குவது. கடைசிப் படிக்கு நிறைய நாள் பிடித்தது. தோழியின் அம்மாவுக்கு ஒரு பக்கக் குறிப்பை மகளே எழுதிக் கொடுத்தாள்: எப்போது என்ன செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டியதில்லை, எப்போது எங்களை எழுப்ப வேண்டும் என்று. "ஆன்ட்டி, இதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்" என்று அவளே சொன்னாள். அந்தக் குறிப்பை ஆலோசகரோடு சேர்ந்து திரையில் தட்டச்சு செய்ததைத்தான் மகள் இன்றும் அந்த அமர்வுகளிலேயே பயனுள்ள வேலை என்கிறாள்.

பெற்றோரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாதி வேலை எங்களிடம்தான் நடந்தது. சென்சாரின் அளவு மகளின் கைப்பேசியிலிருந்து என் கைப்பேசிக்கும் வரும். அவள் பள்ளியில் இருக்கும்போது நான் வேலை செய்யும் இடத்தில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்சம் இறங்கினால் "என்ன ஆயிற்று?" என்று செய்தி அனுப்புவேன். அந்தச் செய்தி போய்ச் சேரும்போது அவளுக்கு என்ன நடக்கிறது என்று ஆலோசகர் அவளையே கேட்டார். "அம்மா பயப்படுகிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று தோன்றும்" என்றாள். ஒரு தாய் அளவைப் பார்ப்பதில் எந்தக் குற்றமும் இல்லை, நாங்கள் இருவரும் ஒரே அலாரத்தை இருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று ஆலோசகர் சொன்னார். அதன் பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். மருத்துவர் சொன்ன எல்லைக்குக் கீழே போய், குறிப்பிட்ட நேரத்துக்குள் அவளிடமிருந்து பதில் இல்லாவிட்டால் மட்டும் நான் அழைப்பேன். மற்ற நேரம் செய்தி இல்லை. மாலையில் வீடு திரும்பியதும் முதல் கேள்வி அளவைப் பற்றியதாக இருக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு வரி. அதை என் கணவர் சேர்த்தார்.

எனக்கென்று தனியாக ஓர் அமர்வு ஒதுக்கினார்கள். அவள் மயங்கி விழுந்த செய்தி வந்த அழைப்பு என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. பள்ளியின் எண் திரையில் தெரிந்தாலே கை சில்லிட்டுவிடும். குழந்தைப் பருவப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளில், குணமடைந்த பிள்ளைகளைவிடப் பெற்றோரிடம் அதிர்ச்சியின் அறிகுறிகள் அதிகமாகக் காணப்பட்டிருக்கின்றன. சிகிச்சையின்போது பிள்ளை தூங்கியிருக்கலாம், மயக்கத்தில் இருந்திருக்கலாம். பெற்றவர்கள் விழித்திருந்து எல்லாவற்றையும் பார்த்தவர்கள். இத்தகைய நினைவுகள் ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் துரத்தினால் அதற்கென்று தனிச் சிகிச்சை இருக்கிறது, கேட்டுப் பெற வேண்டும். பிள்ளைக்காக ஏற்பாடு செய்த உதவியில் நமக்கு இடம் கேட்பது தன்னலமாகாது. எட்டு வயதுக்கும் கீழே உள்ள சிறு பிள்ளைகள் என்றால் பெரும்பகுதி வேலையே பெற்றோரோடுதான் நடக்கும்.

உடன்பிறந்தவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். என் மகன், அவளுடைய தம்பி, அமர்வு நேரங்களில் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பதை ஆலோசகர்தான் திரையில் கவனித்து, உள்ளே கூப்பிடச் சொன்னார். "அக்கா மயங்கினால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்பதுதான் அவன் கேள்வி. அதுவரை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. யாரைக் கூப்பிட வேண்டும், மயங்கியிருப்பவர் வாயில் எதையும் போடக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டான்.

திரை வழியே பேசுவதற்கென்று சில நடைமுறைகள் உண்டு. ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள், தொடர்பு அறுந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கேட்பார்கள். சலிப்பாகத் தோன்றும், அவசரம் என்றால் உதவி அனுப்புவதற்கான கேள்வி அது, சரியாகச் சொல்லுங்கள். பதின்வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் இல்லாத நேரம் ஒவ்வொரு அமர்விலும் வேண்டும். எதை வெளியே சொல்லமாட்டார்கள், உயிருக்கு ஆபத்து என்றால் எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதல் நாளே பிள்ளையின் முன்னிலையில் விளக்கச் சொல்லுங்கள். வீடு சிறியது என்றால் ஹெட்போன் போட்டுக்கொண்டு, ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்விகளை அமைக்கச் சொல்லலாம். சொல்லக் கூச்சமானதை உரையாடல் பெட்டியில் தட்டச்சு செய்யலாம். என் மகள் முக்கியமானவற்றை எழுதித்தான் சொன்னாள். வீடியோ பிடிக்காத பிள்ளைக்கு வெறும் தொலைபேசி போதும், அதனால் தரம் குறைந்துவிடாது. உடம்பு முடியாத நாளில் அமர்வை ஒத்திவையுங்கள். சர்க்கரை அதிகமாக இருந்த ஒரு நாளில் அவளால் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேச முடியவில்லை.

செயலிகளும் தானே படித்துச் செய்யும் பாடங்களும் நிறையக் கிடைக்கின்றன. எந்த மனிதரும் தொடர்பில் இல்லாமல் பிள்ளையை அவற்றிடம் ஒப்படைப்பதை நான் விரும்பமாட்டேன். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் அழைத்து "செய்தாயா, எப்படிப் போனது?" என்று கேட்டாலே பாடம் முடிவுவரை போகிறது. கேட்க ஆள் இல்லாவிட்டால் பெரும்பாலும் பாதியில் நிற்கிறது.

சில நிலைகளில் குறுகிய உதவி போதாது. பிள்ளை சாக வேண்டும் என்று பேசினாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ அடுத்த வார அமர்வுக்குக் காத்திருக்கக் கூடாது. நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; ஆய்வுகள் அதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. ஆம் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வீட்டில் உள்ள மருந்துகளையும் இன்சுலினையும் பெரியவர் பொறுப்பில் பூட்டிவைத்து, வேளைக்கு வேளை எடுத்துத் தர வேண்டும். சர்க்கரை நோய் உள்ள பதின்வயதினர் உடல் எடையைக் குறைப்பதற்காக இன்சுலினைத் தவிர்ப்பதும் உண்டு. வெளியே தெரியாமல் நடக்கும் அது உயிருக்கே ஆபத்தானது. எடை குறைந்துகொண்டே போனாலோ, இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் என்ற நிலை திரும்பத் திரும்ப வந்தாலோ அதை நினைவில் வைத்து விசாரிக்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேகமான மூச்சு ஆகியவை சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனை, வேறு யோசனை வேண்டாம். வாரக்கணக்கில் பள்ளிக்கே போகாமை, சாப்பாட்டோடு போராட்டம், இல்லாத குரல்கள் கேட்பது போன்றவற்றுக்கும் முழுமையான சிகிச்சைதான் தேவை. நல்ல குறுகிய உதவி இவற்றை முதல் அழைப்பிலேயே கேட்டறிந்து உரிய இடத்துக்கு அனுப்பிவைக்கும். அதைக் கேட்காத ஒன்றில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

சேர்வதற்கு முன் எதையெல்லாம் கேட்பது என்று என்னிடம் விசாரிக்கும் பெற்றோருக்கு நான் சொல்பவை: பேசப்போகிறவரின் படிப்பும் பயிற்சியும் என்ன, அவரை மேற்பார்வை செய்பவர் யார், எங்கள் மருத்துவரோடு எங்கள் சம்மதத்துடன் பேசுவாரா, அமர்வுகள் பதிவு செய்யப்படுகின்றனவா, அமர்வுகள் முடிந்தும் தீராவிட்டால் அடுத்து எங்கே அனுப்புவார்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் எனக்கு அது பெரிய குறை. எங்களுக்கு நேரடி உளவியலாளரின் காத்திருப்புப் பட்டியலில் இடத்தை அப்படியே வைத்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது, இப்போது தேவையில்லை, தேவைப்பட்டால் திரும்ப வருகிறோம் என்று மகளே பதில் எழுதினாள்.

கடைசி அமர்வு முழுவதும் பயம் மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான். வரும் என்றே எடுத்துக்கொண்டு பேசினார்கள். புதிய பள்ளி, புதிய கருவி, மருத்துவமனையில் தங்க நேர்வது, மறுபடி ஒரு பெரிய இறக்கம், இவையெல்லாம் பயம் திரும்பக்கூடிய இடங்கள் என்று மகள் தானே பட்டியலிட்டாள். முன்னறிகுறி என்ன என்று கேட்டதற்கு, "வகுப்புக்கு முன் இனிப்பைத் தேடுவேன்" என்றாள். அப்படித் தேடினால் முதல் வாரப் பயிற்சிகளை மறுபடி எடுப்பது, இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் செவிலியரிடம் சொல்வது என்று எழுதிக்கொண்டோம். அதற்குப் பிறகு ஒருமுறை அது தேவைப்பட்டது. காய்ச்சலில் சர்க்கரை நிலைகொள்ளாமல் ஏறியிறங்கிய நாட்களுக்குப் பின் இனிப்புத் தேடல் திரும்பியது. கோடு போட்ட தாளை எடுத்து, மருத்துவரிடம் மறுபடி காட்டி, வலப்பக்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தவற்றை எழுதினாள். எச்பிஏ1சி இப்போது இலக்குக்குச் சற்று மேலே இருக்கிறது. மருத்துவர் அவசரப்படவில்லை, நாங்களும் அவசரப்படவில்லை.